காது திறக்காத வருஷம்

நம் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவிகள் மலருக்கு ஆளுக்கொரு நினைவு எழுதித் தரச் சொன்னீர்கள். இதுவரை வந்ததையெல்லாம் வாட்ஸ்அப்பில் வாசித்துவிட்டேன். ஒருத்தி பேக்கரியில் மக்ரூன் இறக்கும் வாசனையில் ஆரம்பிக்கிறாள். இன்னொருத்திக்கு மாதா கோவில் சாம்பிராணி. வேறொருத்தி மழை விழுந்த உப்பளத்து மண்ணை மோந்துகொண்டே இரண்டு பக்கம் ஓட்டிவிட்டாள். வாசனை இல்லாமல் உங்களில் ஒருத்திக்கும் சின்ன வயசு ஞாபகம் வராது போலிருக்கிறது. நான் எங்கே போவேன்? எனக்கு மூக்கு என்று ஒன்று முகத்தில் அடையாளத்துக்குத்தான் இருந்தது.

என் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். பரீட்சை ஹாலில் எல்லோரும் தலை குனிந்து எழுதும்போது என் மூக்கு மட்டும் மெல்ல விசிலடிக்கும். அதனால் எனக்கு 'விசில்' என்றே பெயர் வைத்தீர்கள். ஒரு கோபமும் இல்லை. கோபப்படத் தெம்பும் இல்லை.

அந்த மூக்கைத்தான் போன மாதம் ஆபரேஷன் செய்துகொண்டேன். பேரன் பேத்தி எடுத்தவளுக்கு மூக்கில் என்ன அலங்காரம் என்று நீங்கள் சிரிக்கலாம். ராத்திரியெல்லாம் வாயைத் திறந்து தூங்கி, விடிந்தால் நாக்கு பனை மட்டையாகக் காய்ந்து கிடக்கும். பகலெல்லாம் அசதி. மகள்தான் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் சின்னப் பெண். ஸ்கேன் படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டினாள். "மூக்குக்கு நடுவுல ஒரு சுவர் இருக்கும்மா. அது நேரா நிக்கணும். உங்களுக்கு வளைஞ்சு போயி ஒரு பக்கத்தை மொத்தமா அடைச்சிருக்கு. இத்தனை வருஷம் எப்படி மூச்சு விட்டீங்க?" என்றாள். வாயால்தான் என்றேன். வேறு என்ன சொல்ல?

"பிளைட்ல போனா காது அடைக்குமா?"

மகனைப் பார்க்க மஸ்கட் போனபோது காது வெடித்துவிடும் போலிருந்தது, பக்கத்து சீட்டுக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார் என்று சொன்னேன்.

"அடைக்கத்தான் செய்யும். காதுலருந்து ஒரு சின்னக் குழாய் மூக்குக்குப் பின்னால வந்துதான் திறக்குது. மூக்கு இப்படி இருந்தா நிறைய பேருக்கு அந்தக் குழாய் சரியா திறக்காது. நம்ம ஊர்ல கடல்ல முங்குறவங்க வருவாங்க. சிலருக்கு இதே மூக்குதான். ரெண்டு ஆள் ஆழம்கூட இறங்க முடியாது. காதுல ஊசி குத்துற மாதிரி இருக்கும்னு சொல்லுவாங்க."

அவள் அதைப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு, மாத்திரை எழுதக் குனிந்துகொண்டாள். நான் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மகள் தோளைத் தொட்டு, "அம்மா, எந்திரிங்க" என்று சொன்ன பிறகுதான் எழுந்தேன்.

என் அப்பா சங்கு குளித்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். கடலுக்குப் பயந்து கரையேறியவர் என்பதும் தெரியும். அந்தப் பேச்சு நம் தெருக்களில் எல்லா வீட்டிலும் புழங்கியது. அந்தப் பெயரோடுதான் அவர் செத்தார். அது பொய் என்று அந்தச் சின்னப் பெண் வாயால் கேட்டேன். கேட்ட இடத்தில் அவரும் இல்லை, அம்மாவும் இல்லை. அந்தப் பெயரை வைத்தவர் மட்டும் இன்னும் உயிரோடு இருந்தார். அவர் என் தாய்மாமா.

அது நடந்தது எனக்கு ஒன்பது வயதில். கிறிஸ்துமஸ் கழிந்து கடல் தெளியும். அப்போதிருந்து தபசு காலம் முடிந்து ஈஸ்டர் வரைக்கும் எங்கள் வீட்டில் சங்குதான் பேச்சு. அப்பா விடிவதற்குள் வள்ளத்துக்குப் போய்விடுவார். மத்தியானத்துக்கு மேல் திரும்பும்போது கண்ணிரண்டும் சிவந்து, தோலில் உப்புப் பூத்திருக்கும். "குளிச்சிட்டு உள்ள வாங்க, நாத்தம் தாங்கல" என்று அம்மா வாசலிலேயே மறிப்பாள். எனக்கு என்ன நாற்றம் என்று புரியாது. நேரே போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொள்வேன். "இவ ஒருத்திக்குத்தான் என் மேல பிரியம்" என்று அப்பா அம்மாவைச் சீண்டுவார். பிரியம்தான், இல்லையென்று சொல்லவில்லை. மூக்கும் அடைத்திருந்தது.

அந்தக் காலத்திலேயே நிறைய பேர் கல்லையும் கயிறையும் விட்டுவிட்டார்கள். அப்பா விடவில்லை. கல் ஒன்று இருந்தது, கருங்கல்லில், அடிப்பக்கம் தேய்ந்து வழுவழுப்பாக. அதில் காலை ஊன்றி, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். கல் அவரைக் கீழே கொண்டுபோய்விடும். இடுப்பில் கட்டிய கயிறு மேலே வள்ளத்தில் ஓர் ஆள் கையில் இருக்கும். மூச்சு முடியப்போகும்போது கீழிருந்து கயிறைச் சுண்டுவார். மேலே இருப்பவர் இழுக்க வேண்டும்.

அந்தக் கயிறை யார் பிடிக்கலாம் என்பதில் நம் ஆட்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. முத்துக்குளி நாளிலிருந்து வருவது. குளிக்கிறவனின் மனைவிக்கு உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பி கூடாது, அவனுக்குப் பங்கு பாகம் என்று ஏதாவது இருக்கும். மச்சினன் என்றால் கூடப்பிறந்தவள் தாலி அவன் கையில் இருக்கிறது, கண்ணைச் சிமிட்டமாட்டான். எங்கள் வீட்டில் அம்மாவின் தம்பி பிடித்தார். ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் அம்மாதான் கயிறை எடுத்து அவர் கையில் கொடுப்பாள். கொடுக்கும்போது ஒன்றும் பேசமாட்டாள். மாமாவும் சிரிக்காமல் வாங்கிக்கொள்வார். அப்புறம் எல்லோரும் சாயா குடிப்போம்.

மாமா அப்போது மீசை அரும்பி முடித்த வயசு. என்னை 'மருமகளே' என்று கூப்பிட்டுத் தோளில் தூக்கி வைத்துக்கொள்வார். அப்பாவை அவர் அத்தான் என்று கூப்பிடுகிற அழகுக்கே இன்னொரு சாயா கொடுக்கலாம் என்பாள் அம்மா. இரண்டு பேரும் வேட்டியை மாற்றிக் கட்டிக்கொள்கிற அளவுக்கு ஒட்டு.

அந்த வருஷம் ஒருநாள் நேரத்தோடு திரும்பி வந்தார்கள். அப்பா துண்டால் முகத்தைப் பொத்தியிருந்தார். துண்டு முழுக்க ரத்தம். பின்னால் மாமா, கைகள் இரண்டும் நடுங்க, அடிபட்டவர் அவர்தானோ என்று நினைக்கும்படி நின்றார்.

அம்மா அலறிவிட்டாள். "என்ன ஆச்சு? யாருலே அடிச்சா?"

"ஒருத்தரும் அடிக்கல. மேல வரும்போது கண்ணு தெரியாம வள்ளத்துக்கு அடியில முட்டிட்டேன். என் தப்புதான்," என்றார் அப்பா. பேச்சு மூக்கு வழியாக வராமல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

அம்மா துண்டை விலக்கிப் பார்த்தாள். மூக்கு ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது. "மாதாவே, மூக்குதான? மூச்சு இருக்குல்லா, அது போதும்" என்று சொல்லி அழுதுகொண்டே சிரித்தாள். மாமா சுவரோரம் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அத்தான் மேல் தம்பிக்கு எவ்வளவு பாசம், கை நடுக்கம் நிற்க ஒரு பொழுதாயிற்றே என்று அம்மா அதைப் பிற்பாடு யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

ஆஸ்பத்திரிக்கெல்லாம் போகவில்லை. எலும்பு கட்டுகிற வைத்தியர் ஒருவர் வந்து தடவிப் பார்த்தார். மூக்கெலும்பு தானே கூடிவிடும் என்றார். கூடிவிட்டது, சாய்ந்தபடியே. "இப்பத்தான் அப்பனும் மகளும் ஒரே மூக்கு" என்று தெருவில் கேலி பேசினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவும் என்னைப்போல வாயைத் திறந்து மூச்சுவிட ஆரம்பித்ததும் இன்னும் பெருமையாகிவிட்டது.

வீக்கம் வடிந்ததும் அப்பா மறுபடி வள்ளத்துக்குப் போனார். போன வேகத்தில் மேலே வந்தார். வலைப்பையில் ஒரு சங்கும் இல்லை.

"காது திறக்கல," என்றார்.

இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, ஆனால் உங்கள் மருமகள்கள் வாசித்தால் புரிய வேண்டுமே. கீழே இறங்க இறங்கத் தண்ணீர் காதை அழுத்தும். மூக்கைப் பிடித்து உள்ளுக்குள் ஊதினால் டப்பென்று காது திறந்துகொள்ளும். அப்புறம் வலி இருக்காது. முதல் வருஷம் குளிக்க வருகிற பையன்களுக்குத்தான் இது வசப்படாது. பழகிய ஆளுக்கு மூச்சு விடுகிற மாதிரி அது. அதனால் பழகிய ஆள் ஒருவர் வள்ளத்தில் உட்கார்ந்து காது வலிக்கிறது என்றால், நம் ஆட்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார்கள். பயந்துபோனவர் காலங்காலமாகச் சொல்லிவந்த சாக்கு அது. மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, திரும்பிக்கொண்டு சிரிப்பார்கள்.

அப்பாவுக்கும் அப்படித் தலையாட்டினார்கள்.

அடுத்த நாளும் திறக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் திறக்கவில்லை. நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றினாள் அம்மா. பூண்டு, ஓமம், வேப்பெண்ணெய் எல்லாம் காதுக்குள் போயிற்று. மூக்கை ஒருவர்கூட நினைக்கவில்லை. மாதாவுக்கு மெழுகில் செய்த காது ஒன்று வாங்கிக் காணிக்கை வைத்தாள். அதைக் கையில் வைத்துப் பார்த்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மஞ்சளாக, குழந்தையின் காதைவிடச் சின்னதாக, வெயிலுக்கு லேசாகக் கசிந்துகொண்டு. பக்கத்தில் மூக்கும் விற்றார்கள்.

அப்பா இறங்காவிட்டால் மாமாவுக்கும் வள்ளத்தில் வேலை இல்லை. அத்தான் இல்லாமல் அவர் யார் கயிறைப் பிடிப்பார்? ஒரு சாயங்காலம் அடுப்படியில் வைத்துப் பேச்சு முற்றிவிட்டது. நான் தட்டில் சோறும் சங்குக்கறியும் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

"எத்தன நாளைக்கு அத்தான் காது காதுன்னு சொல்லுவிய? பொடிப்பயலுவ சொல்லுத பேச்சுல்லா அது."

"திறக்கலைன்னா திறக்கலைதான்லே. நான் என்ன செய்ய?"

"பயமா இருக்குன்னு சொல்லிருங்க. ஒருக்கா அடிபட்டா யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். அதுல என்ன கேவலம்?"

அப்பா நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். அவ்வளவு நேரம் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து நான் கண்டதில்லை. மூக்கு உடைந்த நாளிலிருந்து வாய் திறந்தே இருந்த மனிதர், அதிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. மாமாதான் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

அம்மா சட்டியைத் துடைத்தபடி, "அவன் சொல்லுததும் சரிதானங்க" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அப்பா சோற்றில் தண்ணீர் ஊற்றிவிட்டு எழுந்து போனார்.

அந்த வாரத்திலேயே பேச்சு தெருவுக்கு வந்துவிட்டது. மாமாதான் சொன்னார்: "அத்தானுக்குப் பயம் வந்திட்டு." உங்களில் ஒருத்தியின் அண்ணன், பெயர் வேண்டாம், தண்ணீர்க் குழாயடியில் என்னிடம் கேட்டான்: "ஏளா, ஒங்கப்பாவுக்குத் தண்ணியக் கண்டாலே நடுங்குதாமே, குளிக்கவாச்சும் செய்யுதாரா?" நான் குடத்தை அவன் காலில் போட்டேன். குடம்தான் நசுங்கியது.

பள்ளிக்கூடம் விட்டு ஒருநாள் வீட்டுக்கு வந்தால், அம்மா இல்லை. பின்கட்டில் அப்பா அண்டாவில் தண்ணீர் நிரப்பி, முழங்காலிட்டு, தலையை உள்ளே அமுக்கிக்கொண்டிருந்தார். ஒரு கை மூக்கைப் பிடித்திருந்தது. எழுந்தார், முகம் கருத்துச் சிவந்திருந்தது. தலையின் பக்கவாட்டில் உள்ளங்கையால் அடித்துக்கொண்டார். மறுபடி அமுக்கினார். நான் அது ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். பக்கத்தில் போய் நானும் மூக்கைப் பிடித்து ஊதினேன்.

"காது திறக்குதாட்டி?" என்று கேட்டார்.

"இல்லப்பா. எனக்கு என்னைக்கும் திறக்காது."

அப்பா தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட என்னையே பார்த்தார். "என்னைக்குமா?" என்றார். அப்புறம் என் மூக்கைத் தொட்டார், தன் மூக்கைத் தொட்டார். அவருக்கு அந்த இடத்தில் பாதி புரிந்துவிட்டது என்றுதான் இன்றைக்கு நினைக்கிறேன். மீதியைச் சொல்ல அந்த ஊரில் அன்றைக்கு ஆள் இல்லை. இருந்திருக்கலாம், நாங்கள் போய்க் கேட்கவில்லை.

அந்தத் தபசு காலத்தில்தான் மறைக்கல்வி வகுப்பு சிஸ்டர் என்னைத் திருத்தப் புறப்பட்டார். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். வாயைப் பிளந்துகொண்டு உட்காருவது சோம்பேறியின் அடையாளம் என்பது அவர் முடிவு. மாதா படம் போட்ட சின்ன அட்டை ஒன்றை என் உதடுகளுக்கு நடுவில் வைத்து, மணி அடிக்கும்வரை விழக்கூடாது என்றார். மாதாவை எப்படிக் கீழே போடுவது? பிடித்துக்கொண்டே இருந்தேன். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. நீங்கள் எல்லோரும் சிரித்தது முதலில் கேட்டது, அப்புறம் தூரத்தில் கேட்டது. விழுந்துவிட்டேன்.

மறுநாள் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அந்த வாசலை மிதித்ததில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஆபீஸ் ரூம் வாசலில் கையைக் கட்டி நின்றார். கையைக் கட்டியிருந்தாலும் குரல் உயர்ந்தது.

"பிள்ளைக்கு மூக்கு அடைப்பு, சிஸ்டர். அவ வேணும்னு செய்யல. அவளால முடியல. முடியலைன்னு ஒருத்தர் சொன்னா நம்புங்க, சிஸ்டர். சொன்னா நம்புங்க."

கடைசி வார்த்தையில் அழுதுவிட்டார். ஒரு மூக்கடைப்புக்கு இந்த மனுஷன் ஏன் இப்படி அழுகிறார் என்று சிஸ்டர் திகைத்துப்போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பா எனக்காகத்தான் பேசினார் என்று ஆபரேஷன் மேஜையில் படுக்கும்வரை நினைத்திருந்தேன். பாதிதான் எனக்காக.

ஈஸ்டர் கழிந்ததும் அப்பா உப்பு கிட்டங்கியில் மூட்டை தூக்கப் போனார். மாமா வலைக்குப் போய்விட்டார். கயிறை அதன்பின் தொடவே இல்லை. தம்பிக்கு அவமானம், அவன் அத்தானே அவன் பிழைப்பைக் கெடுத்துவிட்டார் என்று அம்மா சொல்வாள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. கல்யாணம், புதுநன்மை, சாவு என்று எத்தனையோ வீட்டு விசேஷங்களில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள், பேசிக்கொள்ளவில்லை. அந்தக் கல் ரொம்பக் காலம் எங்கள் வீட்டுக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. வீட்டை இடித்துக் கட்டியபோது கொத்தனார் அஸ்திவாரத்தில் போட்டுவிட்டார். அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எடு என்றும் சொல்லவில்லை, போடு என்றும் சொல்லவில்லை.

இனி ஆபரேஷன் கதை. பயப்படாதீர்கள், சின்னதுதான். மயக்கம் கொடுத்தார்கள். வெளியில் ஒரு வெட்டு இல்லை, எல்லாம் மூக்குத் துவாரத்துக்குள்ளேயே. வளைந்த குருத்தெலும்பைச் செதுக்கி நேராக நிறுத்தி, இரண்டு பக்கமும் ரப்பர் தகடு மாதிரி ஒன்றை வைத்துவிட்டார்கள். ஒரு வாரம் தலைக்குள் செங்கல் வைத்த மாதிரி இருந்தது. கஞ்சி குடித்தால் மூக்கு வலிக்கும், தும்மினால் உயிர் போகும். மூக்கைக் கழுவ மெடிக்கலில் உப்புப் பொட்டலம் வாங்கிவரச் சொன்னார்கள். மலை மலையாக உப்பைக் குவித்து வைத்திருக்கிற ஊரில் பொட்டலத்தில் உப்பு வாங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

தகட்டை எடுத்த அன்று டாக்டர், "மெதுவா மூக்கால இழுங்க" என்றாள். இழுத்தேன். காற்று குளிர்ச்சியாக உள்ளே போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு லேசான காரியமா இது என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சிந்தக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள், அதனால் அழவும் முடியவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே மாமா வீட்டுக்குப் போக வேண்டும் என்று மகளிடம் சொன்னேன். உடம்பு தாங்காது என்றாள். தாங்காதுதான். ஆனால் எனக்கே இந்த வயசு, மாமாவுக்குத் தொண்ணூறை எட்டப்போகிறது. யார் முந்துவோம் என்று தெரியாதே.

மாமா தன் மகள் வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். கால் வீங்கி நடமாட்டம் இல்லை. காதும் பார்வையும் தெளிவு. என் மூக்கைப் பார்த்துவிட்டு, "என்ன மருமகளே, மூக்கு செவந்து கிடக்கு?" என்றார்.

ஆபரேஷன் என்றேன். சுவர் வளைந்திருந்தது என்றேன். வழியெல்லாம் கோபத்தோடு யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. அவரைப் பார்த்ததும் அதைத் தூக்கிச் சுமக்க அலுப்பாக இருந்தது. சுருக்கமாகச் சொல்லிவிட்டேன்.

"அப்பாவுக்கும் இதுதான் மாமா. அன்னைக்கு மூக்கு உடைஞ்சு உள்ள அடைச்சுக்கிட்டு. மூக்கு அடைச்சா காது திறக்காதாம், டாக்டரு சொல்லுதா. அப்பா பயப்படல. அவரு சொன்னது நெசம்."

மாமா ஓடுகிற மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கவில்லையோ என்று மறுபடி சொல்ல வாயெடுத்தேன்.

"கேட்டுச்சு," என்றார். வீங்கிய காலைத் தடவிக்கொண்டே, "அவரு கயிற சுண்டல, மருமகளே" என்றார்.

"எப்போ?"

"அன்னைக்கு. கீழருந்து கயிற சுண்டணும்லா. சுண்டல. எனக்கு நேரம் ரொம்ப ஆன மாரி இருந்துச்சு. ஆகல. அக்கா முகம் கண்ணு முன்னால வந்திட்டு. வாரிச் சுருட்டி இழுத்துட்டேன். அவரு கீழ சங்கு பொறுக்கிட்டு நல்லாத்தான் இருந்திருக்காரு. இழுத்த இழுப்புல வள்ளத்து அடியில மூஞ்சி போயி அடிச்சிட்டு."

வள்ளத்தில் முட்டிக்கொண்டேன், என் தப்புதான் என்று அப்பா சொன்னது எனக்குக் காதில் கேட்டது.

"மேல வந்து மூக்கப் பிடிச்சிக்கிட்டு மொதல்ல என்ன கேட்டாரு தெரியுமா? 'ஏம்லே இழுத்த, இன்னும் மூச்சு இருந்துச்சே'ன்னு. என் கை நடுங்குறதப் பாத்தாரு. அப்புறம் ஒண்ணும் கேக்கல. கரைக்கு வந்து, நானே முட்டிக்கிட்டேன்னு சொல்லிட்டாரு. சுண்டாம இழுக்கிறவன் கையில எவன் கயிறு குடுப்பான்? அதுக்காவ சொன்னாரு. எனக்காவ."

"பின்ன ஏன் மாமா அவரப் போயி பயந்தவருன்னு சொன்னிய?"

"அவரு காது வலிக்குன்னு சொல்லச் சொல்ல, என்னயக் குத்திக் காட்டுதாருன்னு நெனச்சேன். என் கயிற நம்பாமத்தான் இறங்க மாட்டேங்காரு, வெளிய சொல்லாம காதுன்னு சொல்லுதாருன்னு நெனச்சேன். என்னைக்காவது உண்மையச் சொல்லிருவாருன்னு ஒரு பயம். அதனால நான் முந்திக்கிட்டேன். பயந்தது நான்தான் மருமகளே. அவரு இல்ல."

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. உண்மையாகவே. அந்த வீங்கிய காலைப் பார்த்துக்கொண்டு அப்படி நினைத்தேன். அம்மா சாகும்வரை, "உங்கப்பா மட்டும் மனசைத் திடப்படுத்தியிருந்தால்" என்று சொல்லிக்கொண்டிருந்தாளே, அதை யார் போய் அவளிடமிருந்து திரும்ப வாங்குவது? அப்பாவின் முதுகில் உப்பு மூட்டை அழுத்திய புண் ஆறாமலே இருந்ததே. ஆனால் எழுந்து நிற்கவே எனக்கு நாற்காலியைப் பிடிக்க வேண்டியிருந்தது. கோபம் வந்தது, அதைச் செலவழிக்க உடம்பில் ஒன்றும் இல்லை.

"ஊருக்கெல்லாம் நான்தான சொன்னேன்," என்றார் மாமா. "இப்பம் எறங்கிப் போயி ஒவ்வொரு வீட்டுலயும் இல்லன்னு சொல்ல எனக்குக் காலு இல்ல. நீ சொல்லிரு. நானே சொன்னேன்னு சொல்லு."

சரி என்றேன். வாசல்வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அத்தான் என்னயப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா? கடைசியிலயாச்சும்?"

ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மன்னித்துவிட்டார் என்றோ, திட்டினார் என்றோ. எதைச் சொன்னாலும் மாமாவுக்கு அன்றைக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"இல்ல மாமா," என்றேன். "எங்க யார்கிட்டயும் அவரு ஒண்ணுமே சொல்லல."

மாமா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மூக்கு ஒழுகியது. துடைக்கவில்லை. அவர் மகள் உள்ளேயிருந்து துண்டு எடுத்து வந்தாள்.

ஆகவே தோழிகளே, மலரில் இதைப் போடுங்கள். இதில் மக்ரூன் வாசனை கிடையாது. இப்போது மூக்கு திறந்திருக்கிறது என்றாலும் மோந்து பார்க்க அந்த வருஷத்தில் மிச்சம் எதுவும் இல்லை. உங்களில் பாதிப்பேர் வீடு அந்தத் தெருக்களில்தான் இருந்தது. உங்கள் அப்பாவும் அண்ணனும் அந்தப் பேச்சைப் பேசியிருப்பார்கள், இன்னும் யாராவது பேசிக்கொண்டிருக்கவும் கூடும். அவர்களிடம் சொல்லுங்கள். என் அப்பாவுக்குக் காது திறக்கவில்லை. சொன்னால் நம்புங்கள்.